மியூசியத்துல கட்டட வேலை, வளாக பிளான்: எல்லாரும் கேக்கற சந்தேகங்களும் என் பதிலும்

நான் மியூசியம் தரப்புல நின்னு கட்டட வேலைகள பாத்துக்கற ஆளு. ஆர்க்கிடெக்ட் இல்ல, கான்ட்ராக்டரும் இல்ல, அவங்களுக்கும் கியூரேட்டர்களுக்கும் (மியூசியப் பொருள்களுக்குப் பொறுப்பான நிபுணர்கள்) நடுவுல மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கறவன். ஒவ்வொரு புராஜெக்ட் ஆரம்பிக்கும்போதும் அதே கேள்விகள் வருது, சைட் இன்ஜினியர் கேப்பாரு, கியூரேட்டர் கேப்பாங்க, நிர்வாகக் குழுவுல புதுசா வந்தவரும் கேப்பாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப்போய் ஒரே இடத்துல எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, கீழ இருக்கற சில பதில்கள் மேல சொன்னத வச்சுத்தான் ஓடுது.

மியூசியம் கட்றதுக்கும் ஒரு ஆபீஸ் கட்றதுக்கும் அப்படி என்னங்க பெரிய வித்தியாசம்? செவுரு செவுருதானே?

செவுரு செவுருதான். ஆனா ஆபீஸ்ல உள்ள இருக்கறது மனுஷங்க, வேர்த்தா ஜன்னலத் தொறப்பாங்க, தண்ணி ஒழுகினா எழுந்து ஓடுவாங்க. மியூசியத்துல உள்ள இருக்கறதுல பாதி எழுந்து ஓட முடியாதது, கெட்டுப்போனா திரும்ப வாங்கவும் முடியாது. அதனால "அப்புறம் பாத்துக்கலாம்"ங்கற வார்த்தை இங்க ரொம்ப காஸ்ட்லி.

இன்னொண்ணு, ஆபீஸ் கட்டடத்துல சாவி வாங்கின அன்னிக்கே டேபிள் போட்டு உக்காந்துடலாம். மியூசியத்துல சாவி வாங்கறது பாதிக் கிணறுதான். ஏன்னு பின்னாடி "அடுத்த மாசம் திறக்கலாமா" கேள்வியில சொல்றேன்.

மாஸ்டர் பிளான் மாஸ்டர் பிளான்னு சொல்றீங்களே, அது டிராயிங்கா ரிப்போர்ட்டா?

ரெண்டும் இருக்கும், ஆனா உண்மையில அது ஒரு வரிசை. எத முதல்ல பண்றது, எதுக்கு அப்புறம் எது, எந்த இடத்துல இப்போதைக்கு கை வைக்கவே கூடாது, இதுதான் மாஸ்டர் பிளான். கலர் கலரா பொம்மை போட்ட படம் எல்லாம் நன்கொடை கேக்கறதுக்கு உதவும், வேலைக்கு உதவறது அந்த வரிசைதான்.

பெர்லின்ல மியூசியம் தீவுன்னு ஒரு இடம் இருக்கு, ஆத்து நடுவுல அஞ்சு பழைய மியூசியம். 1999-ல அந்த அஞ்சுக்கும் சேத்து ஒரே பிளான் போட்டாங்க. உலகப் போர்ல குண்டு விழுந்து பல வருஷம் இடிபாடா கெடந்த நோயஸ் மியூசியம் 2009-ல திறந்துச்சு, எல்லாத்துக்கும் பொதுவான வரவேற்புக் கட்டடமா ஜேம்ஸ் சைமன் கேலரி 2019-ல வந்துச்சு, பெர்கமான் மியூசியத்த 2023 அக்டோபர்ல முழுசா மூடினாங்க, ஒரு பகுதி 2027-லயும் மொத்தமும் 2037-லயும் திறக்கறதா அறிவிச்சிருக்காங்க. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, போட்ட பிளான் முடிய 38 வருஷம். அதுக்குள்ள டைரக்டர் மாறுவாரு, அரசு மாறும், போட்டவங்க பாதிப் பேரு ரிட்டையர் ஆயிடுவாங்க. அடுத்து வர்றவர் எடுத்துப் படிச்சு "ஏன் இப்படி முடிவு பண்ணாங்க"ன்னு புரிஞ்சுக்கற மாதிரி எழுதி வைக்கலன்னா அவரு முதல் வேலையா அத ஓரமா வச்சுட்டு புதுசா ஒண்ணு போடுவாரு.

ஆர்க்கிடெக்ட் இருக்காரு, கன்சல்டன்ட் இருக்காங்க, கான்ட்ராக்டர் இருக்காரு. அப்புறம் நீங்க எதுக்கு சார்?

இத என் முகத்துக்கு நேராவே கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான்.

சைட்ல இருந்து ஒரு நாளைக்கு பத்து கேள்வி வரும். இந்த செவுத்துல எவ்வளவு வெயிட் மாட்டுவீங்க, இந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்கணும், ஷோகேஸுக்கு கரண்ட் தரையில இருந்தா மேல இருந்தா. இதுக்கு பதில் ஆர்க்கிடெக்ட்கிட்ட இல்ல, கியூரேட்டர், கன்சர்வேட்டர் (பொருள் கெடாம பாதுகாக்கற நிபுணர்), செக்யூரிட்டி இவங்ககிட்டதான் இருக்கு. அவங்க ஒருத்தர் லீவு, ஒருத்தர் மீட்டிங்ல, ஒருத்தர் "யோசிச்சு சொல்றேன்"னு பத்து நாள் யோசிப்பாரு. சைட் பத்து நாள் காத்திருக்காது, மேஸ்திரி அவருக்குத் தோணினத பண்ணிட்டுப் போயிடுவாரு. அந்த பதில அந்த வாரமே பிடுங்கி, எழுத்துல குடுத்து, யாரு சொன்னது என்னிக்கு சொன்னதுன்னு ஃபைல்ல வைக்கறதுதான் என் வேலை. என் அனுபவத்துல மியூசிய புராஜெக்ட் லேட் ஆகறதுக்கு சிமென்ட்டும் மழையும் காரணமா இருக்கறத விட மியூசியம் பதில் சொல்லாம இழுத்ததுதான் அதிகம். கான்ட்ராக்டருக்கும் இது நல்லாத் தெரியும், எக்ஸ்ட்ரா ஐட்டம் கேக்கறப்ப உங்க மௌனத்த தேதி போட்டு முன்னாடி வைப்பாரு.

கியூரேட்டர்கிட்ட எவ்வளவு இடம் வேணும்னு கேட்டா "இப்ப இருக்கறத விட டபுள்"னு மட்டும் சொல்றாங்க. இத வச்சு நான் என்ன பண்றது?

ஒண்ணும் பண்ண முடியாது. கேள்விய மாத்திக் கேளுங்க. எவ்வளவு இடம்னு கேக்காதீங்க, என்னென்ன பொருள் இருக்கு, அதுல பெருசு எது, கனம் எது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாதது எது, வருஷத்துக்கு எவ்வளவு புதுசா வருது, இப்படிக் கேளுங்க. டேப்ப எடுத்துக்கிட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள அவங்களோடயே போங்க. நான் ஒரு தடவை போனப்ப "இடமே இல்ல"ன்னு சொன்ன ரூம்ல மூணுல ஒரு பங்கு பழைய கண்காட்சி பலகை, உடைஞ்ச ஸ்டாண்டு, யாரோ வச்சுட்டுப் போன காலி அட்டைப்பெட்டிதான் இருந்துச்சு. அத எடுத்ததுக்கு அப்புறம் கணக்கு வேற மாதிரி வந்துச்சு.

இன்னொரு குழப்பமும் இங்கதான் வரும். கியூரேட்டர் சொல்ற அளவு உள்ள புழங்கற இடம், எஸ்டிமேட் போடற அளவு மொத்தக் கட்டடம். நடைவழி, படி, டக்ட் (ஏசி காத்து போற பெரிய குழாய்), ஏசி பிளான்ட் ரூம், செவுரோட தடிமன் எல்லாம் இதுல சேரும். மியூசியத்துல ஏசி டக்ட் மட்டுமே நிறைய இடத்த விழுங்கிடும். ரெண்டு அளவையும் ஒரே மீட்டிங்ல ஒரே வார்த்தையில பேசினா சண்டை நிச்சயம்.

லிஃப்ட் ஒண்ணு பெருசா போட்டா பொருள் ஏத்தி இறக்க போதாதா?

லிஃப்ட் மட்டும் பெருசா இருந்து பிரயோஜனம் இல்ல. லாரி வந்து நிக்கற இடத்துல இருந்து கேலரி செவுரு வரைக்கும் ஒரு கோடு போடுங்க. லோடிங் பே கதவு, அதுக்கப்புறம் வர்ற திருப்பம், காரிடார் அகலம், லிஃப்ட் கதவோட உயரம், லிஃப்ட் உள் ஆழம், கேலரி கதவு. இதுல எது சின்னதோ அதுதான் உங்க மியூசியத்தோட அளவு. பொருளோட சைஸ பாக்காதீங்க, பெட்டியோட சைஸ பாருங்க, பேக் பண்ணினா எல்லாப் பக்கமும் பெருத்துடும். நாங்க டிராயிங்க நம்பாம தெர்மாகோல்ல முழு அளவுக்கு ஒரு டம்மி பெட்டி செஞ்சு நாலு பேரு தூக்கிட்டு நடந்து பாத்தோம், மூணாவது திருப்பத்துல ஃபயர் ஹோஸ் பெட்டியில இடிச்சு நின்னுது. டிராயிங்ல அந்த ஹோஸ் பெட்டி ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான்.

கதவு வழியா எப்பவுமே போகாத பொருள் இருந்தா வரிசையே தலைகீழ். கெய்ரோ பக்கத்துல கட்டின கிராண்ட் எகிப்தியன் மியூசியத்துல 83 டன் ராம்செஸ் (பழங்கால எகிப்து ராஜா) சிலைய 2018 ஜனவரியிலேயே முன்மண்டபத்துக்குள்ள கொண்டுவந்து நிறுத்திட்டாங்க, கட்டட வேலை அப்ப நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு, மியூசியத்தோட அதிகாரபூர்வ திறப்பு விழா 2025 நவம்பர்லதான். சிலை முதல்ல, திறப்பு விழா கிட்டத்தட்ட எட்டு வருஷம் கழிச்சு.

ஏசி எத்தன டிகிரி வைக்கணும், ஈரப்பதம் எவ்வளவு? ஒரே நம்பரா சொல்லுங்க.

ஒரே நம்பர் கேக்கறதுதான் பிரச்சினையே. பல வருஷமா எல்லாரும் 20 டிகிரி வாக்குல, ஈரப்பதம் 50 சதவீதம், அஞ்சு மேல கீழ போகலாம்னு மந்திரம் மாதிரி சொல்லிட்டு இருந்தாங்க. அத நாள் முழுக்க ராத்திரி முழுக்க பிடிச்சு நிறுத்தறதுக்கு மெஷினும் கரண்ட்டும் எக்கச்சக்கமா ஆகும். இப்ப பெரிய மியூசியங்கள் பின்பற்ற ஆரம்பிச்சிருக்கற பிசோ கிரீன் புரோட்டோகால்ங்கற வழிகாட்டு விதி பெரும்பாலான பொருளுக்கு 16-ல இருந்து 25 டிகிரி, ஈரப்பதம் 40-ல இருந்து 60 சதவீதம்னு அகலமா விடுது. முக்கியம் என்னன்னா நம்பரு ஒரே நாள்ல தடால்னு ஏறி எறங்கக் கூடாது. மரமும் பெயின்ட்டும் தந்தமும் மெதுவா மாறினா தாங்கிக்கும், திடீர்னு மாறினா வெடிக்கும்.

அகலமா விட்டாங்கன்னு எல்லாத்துக்கும் அதையே வைக்காதீங்க. அரிப்பு பிடிச்ச வெண்கலத்துக்கும் இரும்புக்கும் இன்னும் காஞ்ச காத்து வேணும். ஈரப்பதம் 65-ஐ தாண்டி பல நாள் நின்னா பூஞ்சை வந்துடும். அப்படி அடம் பிடிக்கற பொருளுக்காக மொத்தக் கட்டடத்தையும் அந்த அளவுக்கு இழுக்கறத விட அதுக்கு மட்டும் காத்துப்புகாத ஷோகேஸ் போட்டு உள்ள சிலிக்கா ஜெல் (ஈரத்த உறிஞ்சற மணி) வைக்கறது எவ்வளவோ மலிவு. ராத்திரி ஏசிய அணைச்சுடுவோம்னு நிர்வாகம் முடிவு பண்ற மாதிரி இருந்தா அத டிசைன் ஸ்டேஜ்லயே சொல்லிடச் சொல்லுங்க, செவுரும் கூரையும் அதுக்கேத்த மாதிரி தடிமனா போடலாம். கட்டி முடிச்சு கரண்ட் பில் வந்ததும் அணைக்கறதுதான் ஆபத்து.

பேஸ்மென்ட் சும்மாதானே கெடக்கு, ஸ்டோரேஜ அங்க வச்சா மேல எல்லாம் கேலரி ஆக்கலாமே?

இந்த யோசனை எல்லா மியூசியத்துலயும் ஒருத்தருக்கு வரும். 2016 ஜூன்ல சீன் ஆத்துல வெள்ளம் ஏறினப்ப பாரிஸ் லூவ்ர் கதவ மூடிட்டு, அடித்தளத்துல இருந்து சுமார் 35,000 பொருள அவசரமா மேல மாடிக்குத் தூக்கினாங்க. அதுக்கப்புறம் வடக்கே தள்ளி லியேவின்ல தனியா ஒரு சேமிப்பு மையம் கட்டி 2019-ல திறந்தாங்க. நியூயார்க்ல விட்னி மியூசியத்தோட புதுக் கட்டடம் ஆத்தோரமா எழும்பிக்கிட்டு இருக்கும்போதே 2012 அக்டோபர்ல சாண்டி புயல் வந்து சைட்டுக்குள்ள தண்ணி நிறைஞ்சுடுச்சு. ஒரு வகையில அதிர்ஷ்டம், உள்ள இன்னும் ஓவியம் எதுவும் வரல, வெள்ளத் தடுப்புச் செவுரும் தண்ணி புகாத கதவும் சேத்து டிசைன மாத்த முடிஞ்சுது.

ஆறே இல்லாத ஊரா இருந்தாலும் சந்தோஷப்படாதீங்க. மேல் மாடி டாய்லெட் பைப்பும் ஏசி தண்ணி வடியற குழாயும் போதும். ஸ்டோர் ரூம் எங்க இருந்தாலும் சரி, அதுக்கு நேர் மேல தண்ணி லைன் போகக் கூடாது, பொருள் நேரா தரையில ஒக்காரக் கூடாது. இத பிளம்பிங் டிராயிங்ல சிவப்பு பேனாவால நானே கோடு போட்டு அனுப்புவேன், அப்பவும் பாதி தடவை லைன் அங்கதான் வரும்.

ஸ்பிரிங்க்ளர் வேணவே வேணாம், ஒரு சின்னப் புகைக்கு ஹால் முழுக்க தண்ணி கொட்டி எல்லாம் நாசமாயிடும்ல?

அது சினிமாவுல. வழக்கமான ஸ்பிரிங்க்ளர் புகைக்குத் தொறக்காது, சூட்டுக்குத்தான் தொறக்கும். ஒவ்வொரு தலையிலயும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும், செவப்புக் குப்பின்னா 68 டிகிரியில வெடிக்கும். எந்தத் தலைக்குக் கீழ நெருப்போ அது மட்டும் தொறக்கும், பக்கத்துத் தலை சும்மா இருக்கும். அது கொட்டற தண்ணி தீயணைப்பு வண்டி ஹோஸ்ல அடிக்கறதுல ஒரு சின்னப் பங்குதான். பைப்புல எப்பவும் தண்ணி நிக்கறது பயமா இருந்தா, தீ உணர்ந்தா மட்டும் தண்ணி ஏறற பிரி ஆக்ஷன் வகையும் இருக்கு, செலவும் பராமரிப்பும் கூடும்.

நனைஞ்ச பொருள காய வச்சு காப்பாத்த முடியும், கன்சர்வேட்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. சாம்பல என்ன பண்றது? பிரேசில் தேசிய மியூசியம் 2018 செப்டம்பர் 2 ராத்திரி எரிஞ்சப்ப உள்ள இருந்தது கிட்டத்தட்ட ரெண்டு கோடி பொருள். ஸ்பிரிங்க்ளர் கெடையாது, பக்கத்துல இருந்த ஹைட்ரன்ட்ல (தீயணைப்புத் தண்ணிக் குழாய்) தண்ணி வரல. பின்னாடி விசாரணையில நெருப்பு ஒரு ஏசி யூனிட்ல இருந்து கிளம்பினதா சொன்னாங்க. கொடுமை என்னன்னா தீத்தடுப்பு வேலைக்கும் சேத்து நிதி ஒப்பந்தம் அந்த ஜூன்லதான் கையெழுத்தாகியிருந்துச்சு, பணம் வந்து சேரல.

வேலை நடக்கறப்ப மியூசியத்த மூடித்தான் ஆகணுமா?

மூடினா வேலை வேகமா முடியும், செலவு குறையும், ஆனா ஜனங்க மறந்துடுவாங்க, வருமானம் நிக்கும். தொறந்து வச்சா எல்லாமே நாலு துண்டா பண்ணணும், ஒவ்வொரு துண்டுக்கும் தற்காலிகச் செவுரு, தற்காலிக வழி, தற்காலிக டாய்லெட். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் 2003 கடைசியில பிரதானக் கட்டடத்த மூடினப்ப 2008-ல திறக்கறதா சொன்னாங்க, திறந்தது 2013 ஏப்ரல். ஆனா பக்கத்துச் சிறகுல முக்கியமான ஓவியங்கள மட்டும் வச்சு அத்தன வருஷமும் ஜனங்களுக்குக் காட்டிக்கிட்டே இருந்தாங்க, அது நல்ல யோசனை. அஞ்சு வருஷம் இழுத்ததுக்கு ஒரு காரணம் என்ன தெரியுமா, கட்டடத்துக்கு நடுவுல சைக்கிள் போற ஒரு வழி. அத சுருக்கற மாதிரி நுழைவு போட்டதும் சைக்கிள்காரங்க சண்டைக்கு வந்து டிசைன மாத்த வச்சாங்க. உங்க வளாகத்துக்கு நடுவுல ஊர்க்காரங்க நடந்து பழகின குறுக்கு வழி ஏதாவது இருந்தா முதல் மீட்டிங்குக்கே அவங்கள கூப்பிடுங்க.

ராட்டர்டாம்ல போய்மன்ஸ் மியூசியம் வேற ரூட். பழைய கட்டடத்த ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கறது உட்பட பெரிய வேலைக்காக 2019-ல மூடினாங்க, பக்கத்துலயே தனியா டிப்போ ஒண்ணு கட்டி 2021-ல திறந்து 151,000 பொருளையும் அங்க வச்சு ஜனங்களும் வந்து பாக்கற மாதிரி பண்ணிட்டாங்க. பொருள் போய் ஒக்கார ஒரு இடம் முதல்ல கட்டணும், மத்தது அப்புறம். மாஸ்டர் பிளான்ல நான் சொன்ன வரிசைங்கறது இதுதான்.

பக்கத்துல இடிக்கறாங்க, அதிர்வுல சிலை கீழ விழுந்துடுமா?

விழறது கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாடி நகரும். மான்செஸ்டர் மியூசியத்துல 2013-ல ஒரு சம்பவம், பூட்டின ஷோகேஸுக்குள்ள பத்து இஞ்ச் எகிப்து சிலை ஒண்ணு தானா சுத்திட்டு முதுகக் காட்டி நிக்குது. பேய், சாபம்னு ஊரே பேசிச்சு, கேமரா வச்சுப் பாத்தா பகல்ல மட்டும் சுத்துது, ராத்திரி அசையல. அடிப்பக்கம் லேசா குவிஞ்ச சிலை, ரோட்டுல போற வண்டியும் ஜனங்க காலடியும் தர்ற அதிர்வுல கண்ணாடித் தட்டு மேல கொஞ்சம் கொஞ்சமா திரும்பியிருக்கு. வெறும் நடமாட்டத்துக்கே இது, பக்கத்துல கான்கிரீட் உடைக்கற பிரேக்கர் மெஷின் போட்டா?

அதனால இடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சென்சார் மாட்டி சாதாரண நாள்ல எவ்வளவு அதிர்வு இருக்குன்னு எடுத்து வச்சுக்கணும், இல்லன்னா பின்னாடி வர்ற நம்பருக்கு அர்த்தம் இருக்காது. ஷோகேஸ்ல ஒவ்வொரு பொருளோட விளிம்புக்கும் பென்சில்ல மெல்லிசா ஒரு கோடு, வாரம் ஒரு போட்டோ, இது செலவே இல்லாத வேலை. எந்த அளவ தாண்டினா மெஷின நிறுத்தணும், நிறுத்தச் சொல்ற அதிகாரம் யாருக்கு, ரெண்டையும் கான்ட்ராக்ட்லயே எழுதிடுங்க. சைட்ல போய் கத்தி நிறுத்தினா அதுக்கும் பில் வரும்.

தூசிக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டிட்டோம், போதும்ல?

போதாது. வேலை நடக்கற பக்கம் காத்த வெளிய இழுக்கற ஃபேன் போட்டாத்தான் தூசி கேலரி பக்கம் வராது, அந்தப் பகுதி ஏசி டக்ட்டையும் அடைக்கணும். ஷீட்ட எல்லாரும் கட்டுவாங்க, டக்ட்ட எல்லாரும் மறப்பாங்க.

ஒரு சின்ன வெல்டிங், பத்து நிமிஷ வேலை. அதுக்கும் பர்மிட்டா?

ஆமா, அதுக்கும்தான். வெல்டிங், கிரைண்டிங், கூரையில தார் உருக்கறது எதுவா இருந்தாலும் அன்னன்னிக்கு எழுதின பர்மிட், பக்கத்துல எக்ஸ்டிங்கிஷரோட ஒரு ஆள், வேலை முடிஞ்சு குறைஞ்சது ஒரு மணி நேரம் அதே இடத்துல காவல். பொறி மரப்பலகை இடுக்குல விழுந்தா உடனே எரியாது, கனன்னு கனன்னு எல்லாரும் சாப்பிடப் போனப்புறம்தான் பிடிக்கும். அதனால சாயங்காலம் வேலை முடியற நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே நெருப்பு வேலைய நிறுத்திடணும்னு நான் ரூல் வச்சிருக்கேன், எல்லாரும் திட்டுவாங்க, திட்டட்டும்.

பழுது பாக்கற காலத்துலதான் கட்டடம் ரொம்ப நிராதரவா நிக்கும், அலாரம் பாதி அவுத்திருக்கும், ஸ்பிரிங்க்ளர் இன்னும் ஓடாது. கிளாஸ்கோ ஆர்ட் ஸ்கூலோட புகழ்பெற்ற மேக்கின்டாஷ் கட்டடம் 2014-ல எரிஞ்சு, அத திருப்பிக் கட்டிக்கிட்டு இருக்கறப்பவே 2018 ஜூன்ல மறுபடி முழுசா எரிஞ்சுது. ரெண்டாவது தடவை காரணம் என்னன்னு விசாரணையில கூட தீர்மானமா சொல்ல முடியல, அந்த அளவுக்கு எல்லாம் போயிடுச்சு.

கட்டடம் முடிஞ்சு சாவி குடுத்தாச்சு. அடுத்த மாசம் திறப்பு விழா தேதி குறிச்சுடலாமா?

இந்தக் கேள்வி வரும்போது கூட ஒரு வி.ஐ.பி. பேரும் வரும். குறிக்காதீங்க.

புது கான்கிரீட் மாசக்கணக்குல ஈரம் விடும். புது பெயின்ட், ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். (மரத்தூள அமுக்கி ஒட்டின பலகை), கார்பெட், சிலிக்கோன் எல்லாம் வாசனை விடும், நமக்கு அது புதுவீட்டு வாசனை, வெள்ளிக்கும் ஈயத்துக்கும் அது விஷம். எம்.டி.எஃப்.ல இருந்து ஃபார்மால்டிஹைடு, ஓக் மரத்துல இருந்து அசிட்டிக் ஆசிட். மூடின ஷோகேஸுக்குள்ள இது தேங்கினா வருஷத்துல ஈயக் காசு மேல வெள்ளைப் பொடி பூத்துடும். அதனால ஷோகேஸுக்குள்ள போற ஒவ்வொரு துணி, பசை, பலகைக்கும் ஆடி (Oddy) டெஸ்ட்னு ஒரு சோதனை பண்ணுவாங்க. 1970-கள்ல பிரிட்டிஷ் மியூசியத்துல கண்டுபிடிச்சது, ஒரு கண்ணாடிக் குழாய்ல அந்தப் பொருளோட ஒரு துண்டு, கொஞ்சம் தண்ணி, கூட வெள்ளி, செம்பு, ஈயத் தகடு ஒவ்வொண்ணு, 60 டிகிரியில 28 நாள். எடுத்துப் பாத்தா தகடு பளபளன்னு இருந்தா பாஸ். கவனிங்க, 28 நாள். கடைசி வாரத்துல துணி கலர மாத்தினா மறுபடி முதல்ல இருந்து 28 நாள்.

இதுக்கு மேல ஏசிய குறைஞ்சது சில மாசம், முடிஞ்சா எல்லாப் பருவமும் பாக்கற மாதிரி, காலி ஹால்ல ஓட்டி நம்பரு நிக்குதான்னு பாக்கணும். அப்புறம்தான் பொருள் உள்ள வரும், அதுக்கப்புறம் லைட் செட்டிங், பேப்பர், துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அளவு), ஆயில் பெயின்டிங்குக்கு 200 வாக்குல. இதெல்லாம் ஷெட்யூல்ல தனி வரியா இருக்கணும், கட்டட வேலை லேட் ஆனா இதுல இருந்து கடிச்சு எடுத்துக்கலாம்னு நினைக்க விடாதீங்க.

பழைய கட்டடம், செவுத்த தொறந்தா என்ன வருமோன்னு பயமா இருக்கு. எஸ்டிமேட்ட எப்படி நம்பறது?

நம்பாதீங்க, முதல்ல தொறந்து பாருங்க. டெண்டருக்கு முன்னாடியே சின்னதா ஒரு பட்ஜெட் போட்டு நாலஞ்சு இடத்துல சீலிங்கையும் தரையையும் தொறந்து பாக்கச் சொல்லுங்க. ஆஸ்பெஸ்டாஸ், கரையான், எங்க போகுதுன்னே தெரியாத பழைய வயரு, எல்லாம் அப்பவே தெரிஞ்சா அது எஸ்டிமேட்ல ஒரு வரி, வேலை நடுவுல தெரிஞ்சா அது மூணு மாச லேட். எதிர்பாராத செலவுக்குன்னு ஒதுக்கறதும் பழைய கட்டடத்துக்குப் புதுசுக்கு வைக்கறத விட ஜாஸ்தி வைக்கணும், அந்தப் பணத்த யாரும் "சும்மாதானே இருக்கு"ன்னு மார்பிளுக்கு எடுக்கக் கூடாது.

பட்ஜெட் எகிறிடுச்சு. எத வெட்டலாம்?

பின்னாடி சேக்கக் கூடியத வெட்டுங்க, பின்னாடி சேக்கவே முடியாதத வெட்டாதீங்க. கேலரி ஒண்ண முடிக்காம வெறும் செவுரா விடலாம், கஃபே தள்ளிப்போகலாம், வாசல் தோட்டம் அடுத்த வருஷம் போடலாம். கூரை வாட்டர்புரூஃபிங், லோடிங் பே உயரம், தரை தாங்கற கனம், லிஃப்ட் குழி, தீத்தடுப்பு, இதுல கை வச்சா ஆயுசுக்கும் அனுபவிக்கணும். ஆனா மீட்டிங்ல நடக்கறது நேர் எதிர், ஏன்னா முன்மண்டபக் கல்லு போட்டோவுல தெரியும், வாட்டர்புரூஃபிங் தெரியாது.

கல்லு சாம்பிள் பாத்து ஓகே சொல்லியாச்சு, சைட்டுக்கு வந்தது வேற மாதிரி இருக்கு. கான்ட்ராக்டர் "அதேதான் சார்"ங்கறாரு.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துலயே இது நடந்துச்சு. 2000-ல திறந்த கிரேட் கோர்ட் முற்றத்துல தெற்கு வாசலுக்கு போர்ட்லாண்ட் கல்லுன்னு (இங்கிலாந்து சுண்ணாம்புக்கல்) ஒப்பந்த ஸ்பெக்ல இருக்க, வந்து ஒக்காந்தது பிரான்ஸ் சுண்ணாம்புக்கல். பக்கத்துப் பழைய செவுரோட கலர் ஒத்துப்போகலன்னு பெரிய ரகளை ஆச்சு, ஆனா பிரிக்கல, இன்னிக்கும் அதேதான் நிக்குது. ஓகே பண்ணின சாம்பிள்ல கையெழுத்துப் போட்டு உங்க ரூம்ல ஒண்ணு பூட்டி வைங்க, குவாரியில இருந்து வர்ற ரசீத ஒவ்வொரு லோடுக்கும் வாங்குங்க, முதல் கல்லு செவுத்துல ஏறறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெயில்ல பாருங்க.

பக்கத்து பில்டிங்க வாங்கி சேத்துக்கலாம்ங்கறாங்க. இடம்தானே, வந்தா லாபம்தானே?

வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் அளந்து பாருங்க, தரை மட்டம். ரெண்டு கட்டடத்து மாடியும் ஒரே உயரத்துல இல்லன்னா நடுவுல படி, சாய்தளம், சக்கர நாற்காலி போகாது, மேல லிஃப்ட் கேள்வியில சொன்ன பெட்டியும் போகாது. நியூயார்க்ல மோமா (MoMA) எனப்படற நவீனக் கலை மியூசியம், பக்கத்துல இருந்த நாட்டுப்புறக் கலை மியூசியக் கட்டடத்த 2011-ல வாங்கினாங்க, 2014-ல இடிச்சுட்டாங்க. அது 2001-ல திறந்த கட்டடம், விருதெல்லாம் வாங்கினது. இடிக்கறதுக்கு சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, மாடிகள் மட்டம் ஒத்துவரலங்கறது. கட்டடக் கலைஞர்கள் எல்லாம் கொதிச்சாங்க, எனக்கும் மனசு கேக்கல, ஆனா அளவு அளவுதான்.

ஒரு நன்கொடையாளர் தன் பேர்ல தனி கேலரி கேக்கறாரு. மாஸ்டர் பிளான்ல அது இல்ல. என்ன சொல்றது?

இத நீங்க சொல்லக் கூடாது, டைரக்டர் சொல்லணும். உங்க வேலை டைரக்டர் கையில மூணு விஷயம் குடுக்கறது: அந்த கேலரி வந்தா வரிசையில எது தள்ளிப்போகும், வருஷா வருஷம் அத நடத்த எவ்வளவு ஆகும், பிளான்ல ஏற்கெனவே இருக்கற எந்த இடத்துக்கு அவரு பேர வைக்கலாம். பாதிப் பேரு மூணாவதுக்கு சந்தோஷமா ஒத்துப்பாங்க. கட்டறதுக்கு பணம் குடுக்க ஆள் கிடைக்கும், ஏசி ஃபில்டர் மாத்தறதுக்குக் கிடைக்காது, அதனால ரெண்டாவது கணக்க அவருகிட்ட ஆரம்பத்துலயே பேசிடறது நல்லது. ஸ்டோரேஜுக்கு மட்டும் யாருமே பேரு வைக்க வரமாட்டாங்க, அது தனிக் கவலை.

வளாகத்துக்கு எத்தன வாசல் வைக்கலாம்? ஒண்ணா நாலா?

செக்யூரிட்டி ஒண்ணுன்னு சொல்லும், கூட்டம் நாலு கேக்கும். லூவ்ர் பிரமிடு 1989-ல வந்தப்ப வருஷத்துக்கு நாப்பது அம்பது லட்சம் பேரு வருவாங்கன்னு கணக்கு. 2018-ல வந்தது ஒரு கோடியே 2 லட்சம். உள்ள வரவேற்பு ஹாலையே மாத்திப் பாத்தாங்க, கடைசியில 2025-ல வேற பக்கமா புது வாசல் கட்டப்போறதா அறிவிச்சுட்டாங்க. பெர்லின்ல தலைகீழ், தனித்தனி வாசல் இருந்த இடத்துக்குப் பொது வாசல் கொண்டுவந்தாங்க. அதனால எண்ணிக்கைய விட, பின்னாடி இன்னொரு வாசல் வைக்க ஒரு பக்கத்த காலியா விட்டு வைக்கறது முக்கியம், அந்தப் பக்கம் ஜெனரேட்டரையும் குப்பைத் தொட்டியையும் கொண்டுபோய் நட்டுடாதீங்க. பள்ளிப் பிள்ளைங்க பஸ்ஸும் ஓவியம் ஏத்தின லாரியும் ஒரே கேட்ல வர்ற மாதிரி மட்டும் எந்த வளாகத்துலயும் வைக்கக் கூடாது.

எல்லாம் முடிஞ்சுது, கான்ட்ராக்டர் கடைசி பில் கேக்கறாரு. குடுத்துடலாமா?

ஸ்நாக் லிஸ்ட் (பாக்கி இருக்கற சின்னச் சின்னக் குறைகளோட பட்டியல்) முடிஞ்சுதா, ஏசி ஓட்டிப் பாத்ததோட ரிப்போர்ட் வந்துச்சா, பராமரிப்பு மேனுவல் வந்துச்சா, உங்க ஆளுங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்களா, எல்லாத்துக்கும் மேல ஆஸ் பில்ட் டிராயிங் (உண்மையில எப்படிக் கட்டினாங்களோ அதக் காட்டற படம்) வந்துச்சா? வந்துச்சுன்னு மட்டும் பாக்காதீங்க, அதுல பத்து வால்வ குத்துமதிப்பா எடுத்து ஏணி போட்டு சீலிங்கத் தொறந்து அது அங்கதான் இருக்கான்னு பாருங்க. நான் ஒரு தடவை பாக்கல. திறந்து எட்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன், ஜவுளி கேலரி சீலிங்ல இருந்து தண்ணி. டிராயிங்ல வால்வு காரிடார்ல, கதவுக்கு மேல. ஏணி போட்டுத் தொறந்தா வெறும் டக்ட். காவலுக்கு இருந்த அண்ணன் கேலரிக்குள்ள ஷோகேஸ் மேல தார்ப்பாய விரிச்சுக்கிட்டே இருக்க, நாங்க ரெண்டு பேரு காரிடார் முழுக்க ஒவ்வொரு டைலா தூக்கிப் பாத்தோம். நாப்பது நிமிஷம் ஆச்சு. வால்வு இருந்தது பெண்கள் டாய்லெட் கண்ணாடிக்குப் பின்னாடி.

தார்ப்பாய் எப்பவும் கேலரி பக்கத்துலயே இருக்கணும்னு அடம் பிடிச்சது எங்க கன்சர்வேட்டர் அம்மா, அதனால துணி எதுவும் நனையல. கடைசி பில் அதுக்கு ரொம்ப முன்னாடியே நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.